துறைமுகம் கைமாறினால் குப்பத்துக்கு என்ன?

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சில வருடங்களாக ஒரே வாதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கம்பெனி தன்னிடம் இருந்த துறைமுகத்தை இன்னொரு கம்பெனிக்கு விற்றது. பங்குகள் கைமாறின, பெயர்ப்பலகை மாறியது. அது முதலாளிகளும் வங்கிகளும் பார்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம், பழவேற்காட்டு மீனவருக்கு அதில் என்ன வேலை? துறைமுகம் பெரிதானால் சரக்குக் கட்டணம் குறையும், வேலை வரும், நாடு வளரும். கடல் அரிப்பு இயற்கை, அதைக் காட்டி வளர்ச்சியைத் தடுக்கக்கூடாது.

இதைத் தவறான வாதம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. நடந்ததை மறைப்பதற்கென்றே கட்டிய சப்பைக்கட்டு இது. கம்பெனியைப் பிரித்ததும் விற்றதும் குப்பத்து மக்களின் தலையில்தான் விடிந்தது. அதைப் பற்றிக் கேட்க அவர்களைவிட உரிமை உள்ளவர்கள் யாரும் இல்லை.

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஒரு கப்பல் கட்டும் தளத்தையும் துறைமுகத்தையும் அமைத்தன. 2013 தொடக்கத்தில் அது திறக்கப்பட்டது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் தான் இருந்த கரையை விட்டுப் பெயர்ந்தது. கரையைக் கொடுத்தவர்களுக்கு வேலை தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்டது. 2015 முடிவில் கன்டெய்னர் முனையத்தை நடத்தும் பொறுப்பு அதானி குழுமத்துக்குப் போனது. பிறகு கப்பல் தளத்தையும் துறைமுகத்தையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். துறைமுகம் ‘மரைன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் டெவலப்பர்’ என்ற நிறுவனத்துக்குள் வைக்கப்பட்டது. 2018 ஜூனில் அந்த நிறுவனத்தின் 97 சதவீதப் பங்கை 1,950 கோடி ரூபாய் மதிப்பில் அதானி போர்ட்ஸ் வாங்கியது. மீதி 3 சதவீதம் டிட்கோவிடம் இருக்கிறது.

இந்தப் பிரிவினையிலும் விற்பனையிலும் நிலம் கைமாறியது. கரைமீது உரிமை கைமாறியது. அலைதடுப்புச் சுவர், கிரேன், அரசு தந்த அனுமதி எல்லாம் கைமாறின. ஊர்க்கூட்டத்தில் உட்காரவைத்துக் கொடுத்த வாக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வாக்குக் கொடுத்த கம்பெனி வேறு, இன்றைக்கு கேட்டில் காவல் நிற்கும் கம்பெனி வேறு. நிரந்தர வேலை கேட்டு அந்த ஊர்க்காரர்கள் பலமுறை துறைமுக வாசலில் உட்கார்ந்தார்கள், படகுகளைக் கொண்டுபோய்க் கடல்வழியையும் மறித்தார்கள். ஒப்பந்தக்காரரிடம் கேள், பழைய நிர்வாகத்திடம் கேள், அரசிடம் கேள் என்று ஒரு குப்பத்து இளைஞனை அலையவிட முடிகிறது என்றால், அப்படி அலையவிடும் வசதிக்குப் பெயர்தான் இவர்கள் சாதாரணமாகச் சொல்லும் நிறுவன மறுசீரமைப்பு. சொத்து ஒருவரிடம் போய், கடப்பாடு யாரிடமும் இல்லாமல் போகிற ஏற்பாட்டை ‘உனக்குச் சம்பந்தமில்லாத காகித விஷயம்’ என்று அந்த இளைஞனிடமே சொல்வது அநியாயம்.

விற்பனைக்குப் பிறகு வந்த திட்டத்தைப் பாருங்கள். 330 ஏக்கர் துறைமுகம் 6,110 ஏக்கராக வேண்டுமாம். ஆண்டுக்கு 2.465 கோடி டன் கையாளும் திறன் 32 கோடி டன்னாக வேண்டுமாம். செலவு 53,000 கோடி ரூபாய். அரசு நிலம் 761 ஹெக்டேர், தனியார் நிலம் 781 ஹெக்டேர், இவை போதாமல் 796 ஹெக்டேர் கடலையே தூர்த்து நிலமாக்குவது, அதாவது ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடல். சென்னைத் துறைமுகமும் காமராஜர் துறைமுகமும் சேர்ந்து ஓர் ஆண்டில் கையாளும் சரக்கே ஏறத்தாழ 10 கோடி டன்தான். இந்தியாவின் மிகப் பெரிய துறைமுகமான முந்த்ரா, அதுவும் இதே குழுமத்துடையது, 2024-25இல்தான் முதன்முறையாக 20 கோடி டன்னைத் தாண்டியது. அதைப் போல ஒன்றரை மடங்கைப் பழவேற்காட்டு ஏரியின் வாசலில் கட்டுவோம் என்கிறவர்கள், கைமாற்றம் வெறும் காகிதம் என்று இன்னும் எந்த முகத்தோடு சொல்கிறார்கள்? பழைய உரிமையாளர் கட்டியது ஒரு துறைமுகம். புதிய உரிமையாளருக்கு வேண்டியது ஒரு கடற்கரை.

இனி ‘போட்டி’ என்ற பேச்சுக்கு வருகிறேன். துறைமுகம் பெரிதானால் போட்டி பெருகும், கட்டணம் குறையும் என்கிறார்கள். கிழக்குக் கரையின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியுமா? ஒடிசாவில் தாம்ரா, 2014இல் அதானி குழுமம் வாங்கியது. ஆந்திரத்தில் கிருஷ்ணப்பட்டினம், 2020இல் பெரும்பங்கும் அடுத்த ஆண்டு மிச்சமும் வந்தது. விசாகப்பட்டினத்துக்கு அருகே கங்காவரம் 2021 தொடங்கிக் கைக்கு வந்தது. திவாலாகிக் கிடந்த காரைக்கால் துறைமுகம் 2023 ஏப்ரலில் 1,485 கோடிக்கு வந்து சேர்ந்தது. ஒடிசாவின் கோபால்பூர் 2024இல். அரசுக்குச் சொந்தமான காமராஜர் துறைமுகத்தின் உள்ளே இருக்கும் கன்டெய்னர் முனையமும் இவர்களுடையதே. அதாவது காட்டுப்பள்ளிக்குத் தெற்கே பக்கத்து வீட்டிலும் அவர்கள், வடக்கே நெல்லூர் மாவட்டத்திலும் அவர்கள். இந்தியாவின் மொத்தத் துறைமுகச் சரக்கில் ஏறத்தாழ 27 சதவீதமும் கன்டெய்னர் சரக்கில் ஏறத்தாழ 45 சதவீதமும் தன் வழியாகப் போவதாக அந்த நிறுவனமே முதலீட்டாளர்களிடம் சொல்லிக்கொள்கிறது. போட்டியாளரை வாங்கிக்கொண்டே போகிற ஒருவர் போட்டியைப் பெருக்குகிறார் என்பதை எந்த வணிகரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சென்னைத் துறைமுகத்தில் துபாயின் டிபி வேர்ல்டும் சிங்கப்பூரின் பிஎஸ்ஏவும் முனையங்கள் நடத்துகின்றன. ஆகவே ஏற்றுமதியாளருக்கு வேறு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் லாரிகள் நகரத்துக்குள் நுழைந்து வரிசையில் கிடக்கும் துறைமுகத்தோடு, வெளிவட்டச் சாலையும் பல்லாயிரம் ஏக்கரும் வைத்திருக்கும் 32 கோடி டன் துறைமுகத்தை மோதவிட்டால் முடிவு என்ன ஆகும் என்பதை அந்த ஏற்றுமதியாளரிடமே கேட்டுப் பார்க்கலாம். காட்டுப்பள்ளி போன்ற தனியார் துறைமுகங்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. இன்று குறைத்து வைக்கும் கட்டணத்தை நாளைக்கு ஏற்றாமல் இருக்க அவர்களைத் தடுப்பது என்ன?

கிருஷ்ணப்பட்டினத்தில் நடந்ததை இந்த ஆதரவாளர்கள் வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை. அந்தத் துறைமுகத்தை வாங்க 2020இல் இந்தியப் போட்டி ஆணையம் ஒப்புதல் தந்தது. 2024 தொடக்கத்தில் அங்கே கன்டெய்னர் கப்பல்கள் வருவது நின்றுபோனது. சரக்கைத் தமிழ்நாட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்கள், ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு போகிறது என்று அன்றைக்கு எதிர்க்கட்சியாக இருந்த தெலுங்கு தேசம் போராடியது. இரண்டு துறைமுகமும் இரண்டு முதலாளிகளிடம் இருந்திருந்தால் நெல்லூர்க்காரர் சரக்குக்காகச் சென்னைக்காரரோடு மல்லுக்கட்டியிருப்பார். இரண்டும் ஒருவரிடம் இருப்பதால் எந்த ஊர் வாழ வேண்டும், எந்த ஊர் காய வேண்டும் என்பதை அகமதாபாத்தில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். இன்று சரக்கு நம் பக்கம் வந்தது. அதே கை நாளைக்கு அதை வேறு பக்கம் திருப்பும்போது, ஏரியை இழந்த மீனவருக்குத் துறைமுக வேலையும் இருக்காது. வேலை வரும் என்று வாக்குத் தருகிறவர்கள் முதலில் கிருஷ்ணப்பட்டினத்துக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வரட்டும்.

சந்தை ஆதிக்கம் எல்லோருடைய விவகாரம் என்பதை உலகம் புரிந்துகொண்டிருக்கிறது. கூகுள் 2015இல் ஆல்ஃபபெட் என்ற தாய் நிறுவனத்தின் கீழ்த் தன்னை மாற்றி அமைத்துக்கொண்டது. பெயரும் அமைப்பும் மாறியதால் அதன் பிடி தளர்ந்துவிடவில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தேடல் சந்தையில் அது ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்புச் சொன்னது. நம் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய் அபராதம் போட்டது. செல்போன் வைத்திருப்பவரைப் பார்த்து ‘கம்பெனி விவகாரத்தில் உனக்கு என்ன வேலை’ என்று யாரும் கேட்கவில்லை. செல்போனில் ஒரு செயலியைப் பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். ஏரியின் வாசலில் உட்கார்ந்திருக்கும் துறைமுகத்தை மீனவர் என்ன செய்ய முடியும்? அவரிடம் போய் மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

சந்தையைப் பற்றி மீனவருக்கு என்ன தெரியும் என்ற இளக்காரம் இந்த வாதத்தின் அடியில் இருக்கிறது. எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது அதுதான். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஓர் ஏற்பாடு தலைமுறைகளாக நடந்துவருகிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், ஏற்றவற்றத்தோடு இறால் ஓடிவரும் நீரோட்டத்தில், கழிகளை நட்டுச் சுத்துவலை கட்டுவார்கள். நல்ல இடத்தில் வலை கட்டியவருக்கு விடிவதற்குள் கூடை நிறையும், தள்ளி இருப்பவருக்குச் செலவுக்குக்கூடக் கட்டாது. ஆகவே எந்த நாளில் எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தலைக்கட்டு, எந்த இடம் என்பதை முறைவைத்துப் பிரிக்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறைக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டும். கோட்டைக்குப்பத்தில் பெரிய வலையும் நிறையப் பணமும் வைத்திருப்பவர் என்பதற்காக ஒருவர் முகத்துவாரத்தை நிரந்தரமாக வளைத்துப்போட ஊர் விடாது. மீறினால் ஊர்க்கூட்டம் கேட்கும், தண்டம் போடும். ஆய்வாளர்கள் வந்து படித்து எழுதிய முறை இது. 1991இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பே இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது.

பாடு முறை குறையில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். மீனவச் சாதியான பட்டினவரல்லாத பலரை அது வெளியே நிறுத்தியிருக்கிறது. ஏரியை நம்பி வாழும் தலித் குடும்பங்களும் இருளர்களும் அதைப் பற்றிக் கசப்போடு பேசுவார்கள். அவர்கள் கசப்பு நியாயமானது, பாடு வைத்திருக்கும் ஊர்கள் அதற்குப் பதில் சொல்லவேண்டிய கடமை இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனால் பொதுவான ஒரு வளத்தை ஒரே கை வளைத்தால் மற்றவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்ற அறிவு அந்த முறைக்குள் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஒரே கைக்கு இத்தனை துறைமுகங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த டெல்லிக்கு அந்த அறிவு இல்லை. சந்தை ஆதிக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்த வருகிறவர்கள் ஊர்க்கூட்டத்தில் ஒருநாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போகலாம்.

இருளர்களைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர்களில் பலரிடம் வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவு நீரில் குந்தி நகர்ந்தபடி, சேற்றுக்குள் விரல்களை விட்டுத் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். கைக்குச் சிக்கியதை, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பறியில் போடுவார்கள். பெண்கள் இந்த வேலையில் மணிக்கணக்கில் நீருக்குள் இருப்பார்கள். உப்பங்கழியின் ஆழமும் சேறும் உப்பும் இன்றைக்கு இருக்கிறபடி இருந்தால்தான் இந்தத் தொழில். கப்பல் கால்வாயைத் தோண்டிக் கழியின் ஓட்டத்தை மாற்றினால் இவர்களுக்கு நஷ்டஈட்டுப் பட்டியலில் ஒரு வரிகூட இருக்காது, ஏனென்றால் படகு இருப்பவரைத்தான் நஷ்டஈட்டுக் கணக்குகள் பெரும்பாலும் மீனவர் என்று எடுத்துக்கொள்கின்றன.

அரிப்பு இயற்கை என்ற புளுகுக்கு வருகிறேன். நம் கிழக்குக் கரையில் மணல், வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் நீட்டினால் சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் கரையைத் தின்னும். இதற்கு ஆய்வறிக்கை தேவையில்லை, சென்னையே சாட்சி. 1870களில் தொடங்கிச் சென்னைத் துறைமுகத்தைக் கட்டினார்கள். தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்து, குப்பங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, இன்றைக்குக் கற்சுவருக்குப் பின்னால் மக்கள் வாழ்கிறார்கள். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் (இன்றைய காமராஜர் துறைமுகம்), 2013இல் காட்டுப்பள்ளி. இவற்றுக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. கோரைக்குப்பம், காளாஞ்சி பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் இருப்பது ஒரு மணல் கீற்று. அந்தக் கீற்று அறுந்தால் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி கடலாகிவிடும். இருக்கும் துறைமுகத்தின் வடக்கே கரை கரைவதை ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சுவரை இன்னும் நீட்டிவிட்டு, கரைவது இயற்கை என்று வாய்கூசாமல் சொல்கிறவர்களுக்கு நூற்றைம்பது வருடச் சென்னை வரலாறு கண்ணில் படவில்லையா?

மணல் கீற்று போனால் மீன் மட்டும் போகாது, குடிநீரும் போகும். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்ததை 1960களிலிருந்தே பதிவு செய்திருக்கிறார்கள். சென்னைக்குக் குடிநீர் தந்த கிணறுகள் அந்தப் பகுதியில் இருந்தன. கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் கொண்டுவரும் வெள்ளம் பரந்து வடிவதும் இந்தக் கழிமுகப் பரப்பில்தான். அதன்மேல் பல்லாயிரம் ஏக்கருக்கு மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் எங்கே போகும் என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூரும் மணலியும் பார்த்தன. அதே வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு வந்து எண்ணூர்க் கழியை மூடியதையும், மீனவர்கள் கையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளியதையும் நாடே பார்த்தது.

விதிகள் இருக்கின்றன, நிபந்தனை போட்டுத்தானே அனுமதி தருவார்கள் என்பது கடைசியாக எடுத்துவிடும் சமாதானம். முந்த்ராவில் சூழலியலாளர் சுனிதா நாராயண் தலைமையில் ஒன்றிய அரசே அமைத்த குழு 2013இல் நேரில் பார்த்து, சூழல் பாதிப்புகளைப் பட்டியலிட்டு, சீரமைப்புக்கு 200 கோடி ரூபாய் நிதி கேட்டது. பிறகு சுற்றுச்சூழல் அமைச்சகமே அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. கேரளத்தில் விழிஞ்ஞத்தில் கடலோர மக்கள் 2022இல் மாதக்கணக்கில் போராடியதும் இதே குழுமத்தின் துறைமுகத்தை எதிர்த்துத்தான், இதே கரை அரிப்பைச் சொல்லித்தான். நிறுவனம் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்கு விதியை அமல்படுத்தும் அதிகாரியின் குரல் சிறுத்துப்போகிறது. சந்தை ஆதிக்கமும் சூழல் அழிவும் இரண்டு தனி விவகாரங்கள் என்று பிரித்துப் பேசுவதே ஏமாற்று.

நாட்டுக்காகக் கொஞ்சம் பேர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறார்கள். பழவேற்காட்டுக்காரர்கள் அதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து குடும்பங்கள் வெளியேறின, அவற்றில் பல இந்தப் பக்கம் வந்து ஏற்கெனவே நெருக்கமாக இருந்த ஏரியைப் பங்கு போட்டுக்கொண்டன. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்ற உத்தரவுக்கு இன்றுவரை அடங்கிக் கரையில் இருக்கிறார்கள். அனல்மின் நிலையங்களுக்காக எண்ணூர்க் கழியைக் கொடுத்தார்கள். இப்போதுள்ள துறைமுகத்துக்குக் காட்டுப்பள்ளிக் குப்பத்தைக் கொடுத்தார்கள். இந்த முறை கேட்பது நாடு அல்ல, ஒரு தனியார் குழுமம். தன் லாபத்துக்காக அது கேட்பதை நாட்டின் பெயரில் கேட்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

2021 ஜனவரி 22ஆம் தேதிக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் இந்த விரிவாக்கம் பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு ஒத்திவைத்தார்கள். தேர்தலுக்கு முன்னால் இத்திட்டத்தை எதிர்த்துப் பேசிய மு.க. ஸ்டாலின் அந்த மே மாதமே முதலமைச்சரானார். ஆனாலும் 2023 செப்டம்பர் 5ஆம் தேதிக்கு மறுபடியும் கூட்டம் அறிவிக்கப்பட்டு, மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு முறையும் திட்டத்தை நிராகரிக்கவில்லை. இதற்கு டெல்லியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. காட்டுப்பள்ளி ஒன்றிய அரசின் பெருந்துறைமுகம் அல்ல, மாநிலக் கடல்சார் வாரியத்தின் கீழ் வருவது. கேட்கிற 761 ஹெக்டேர் அரசு நிலம் கோட்டையில் கையெழுத்தாகாமல் போகாது. 3 சதவீதப் பங்கும் டிட்கோவிடம் இருக்கிறது. நிலம் தரமாட்டோம் என்று மாநில அரசு ஆணை போடட்டும். 2018 விற்பனையின்போது குப்பத்துக்குக் கொடுத்திருந்த வேலை வாக்குறுதிகள் யார் பொறுப்பில் போயின என்பதைப் பங்குதாரர் என்ற முறையில் கேட்டு வாங்கி, அந்தக் கடிதத்தைக் காட்டுப்பள்ளி ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டட்டும்.